முத்து நம் கடலில்... ஊசி ஜப்பானில்! ஒரு காப்புரிமையின் கதை

இரண்டாயிரம் வருடமாக முத்தெடுத்த கரை இது. ஆனால், முத்தை வளர்க்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியவர் ஜப்பானைச் சேர்ந்த ஒரு தச்சர். அது எப்படி நடந்தது?

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேப்பலோடை, குளத்தூர், வைப்பார் என்று ஊர்கள் வரும். அவற்றைத் தாண்டினால் வேம்பார். ஒரு பக்கம் பனங்காடு, மறுபக்கம் கடல். கருப்பட்டிக்கும் மீனுக்கும் பேர்போன ஊர். எதிரே கடலுக்குள் உப்புத்தண்ணித் தீவு, நல்லதண்ணித் தீவு, புளுவினிசல்லித் தீவு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் 'வேம்பார் குழு' என்று சொல்லப்படுபவை இவை.

போர்த்துகீசியர் வந்த காலத்தில் பரதவர்களின் ஏழு கடற்துறைகளில் ஒன்றாக இருந்தது வேம்பார். ஐரோப்பியர்கள் இந்தக் கரை முழுவதையும் 'முத்துக்குளித்துறைக் கரை' என்றே அழைத்தார்கள்.

ஆனால், இன்று இதே மாவட்டத்தில் நகைக்கடைக்குப் போய் ஒரு முத்துத்தோடு கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் வளர்ப்பு முத்தாக இருக்கும். சீனாவின் குளத்திலோ, ஜப்பானின் விரிகுடாவிலோ விளைந்தது. எதிரே இருக்கும் கடலில் எடுத்த முத்து அநேகமாக இருக்காது.

கொற்கைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சீன முத்து வாங்கும் நிலை எப்படி வந்தது? இந்தக் கதையில் ஒரு நூடுல்ஸ் கடைப் பையன், ஒரு தச்சர், இரண்டு மீன்வள விஞ்ஞானிகள், பிறகு ஒரு ஊசி வருகிறார்கள். முக்கியமான பாத்திரம் ஊசிதான்.

குளியாளிகளுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற பயண நூல், அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக்குளித்தார்கள் என்கிறது.

முத்துச்சிப்பி கூட்டமாக ஒட்டி வளரும் கடலடிப் பாறைத் திட்டுக்கு இந்தக் கரையில் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொல்லாயிரம் பார் அவற்றில் புகழ்பெற்றது. கல்லைக் கயிற்றில் கட்டி, அதன் பாரத்தில் கீழே இறங்கி, ஒரே மூச்சில் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். வள்ளத்தில் நிற்பவர் கயிற்றை இழுப்பார். கயிறு பிடிப்பவர் மேல் நம்பிக்கை இல்லாமல் கடலில் இறங்க முடியாது. சுறா வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்கும் தனிப் பங்கு உண்டு.

எந்தப் பாரில் எந்த வருடம் சிப்பி முற்றும், நீரோட்டம் எப்போது தெளியும், எத்தனை பாகத்தில் தரை தட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. யாரும் எழுதிவைத்தது கிடையாது. அப்பாவிடமிருந்து மகனுக்கு, வள்ளத்திலேயே சொல்லித்தந்த பாடம்.

ஆனால், முத்து எப்படி உருவாகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே சரியாகத் தெரியவில்லை. 1902-ல் எதிர்க்கரையான இலங்கையில் ஆராய்ச்சிக்கு வந்த ஹெர்ட்மேன், ஹார்னெல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள்கூட, சிப்பிக்குள் புகும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம்தான் முத்துக்குக் காரணம் என்று நினைத்தார்கள்.

இயற்கை முத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்கள் திடீரென்று வெறிச்சோடிவிடும். சில வருடம் கோடிக்கணக்கில் சிப்பி கிடக்கும். பிறகு பல வருடம் ஒன்றும் இருக்காது. 1955-ல் தொடங்கிச் சில வருடம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு அமோகமாக நடந்தது. 1961-தான் கடைசி. அதற்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை.

காப்புரிமை ஒரு கொடுக்கல் வாங்கல்

ஊசிக்குப் போகும் முன், காப்புரிமை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

பலர் அதை ஒரு பூட்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தைப் படம் போட்டு, அளவு சொல்லி, அந்தத் துறை தெரிந்த எவரும் செய்யக்கூடிய அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக அரசு குறிப்பிட்ட காலத்துக்கு, 'இவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் இதைச் செய்யவோ விற்கவோ கூடாது' என்று உரிமை கொடுக்கும். காலம் முடிந்ததும் அது ஊர்ச்சொத்து.

கண்டுபிடிப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்காவில் ஹோவர்டு ஹியூஸ் என்பவர் 1909-ல் எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைமுனைக்குக் காப்புரிமை பெற்றார். பல் வைத்த இரண்டு கூம்புகள் சுழன்று பாறையை நொறுக்கும். அதுவரை துளைக்க முடியாத கடும்பாறைக்கு அடியில் இருந்த எண்ணெயை அந்த முனை வெளியே கொண்டுவந்தது. ஹியூஸ் அதை விற்காமல் வாடகைக்கு விட்டே செல்வந்தரானார்.

அதே அமெரிக்காவில் டிவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் பூந்தூறலாகத் தெளிக்க 1880-களில் ஒரு சிறு கருவி செய்தார். 1907-ல் அவர் மகன் அதே யோசனையை வளர்த்து, பெயின்ட் அடிக்கும் தெளிப்பானைக் கொண்டுவந்தார். இன்று மெக்கானிக் ஷெட்டில் கார் கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியின் குடும்பத்தில் ஒரு தொண்டை மருத்துவரும் இருக்கிறார்.

கிணற்றுக்கு ஒரு முனை, தெளிப்பானுக்கு ஒரு துளை. முத்துக்கு ஒரு ஊசி.

ரகசியமாக வைத்தால் என்ன ஆகும்?

வளர்ப்பு முத்தில் ஜப்பானியர்தான் முதல் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். செடிகொடிகளுக்கும் உயிரினங்களுக்கும் இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ், 1761-லேயே ஆற்றுச் சிப்பிக்குள் உருண்டை முத்து வளர்த்துக் காட்டிவிட்டார்.

அடுத்த வருடம் அந்த ரகசியத்தை ஒரு வியாபாரிக்கு விலைக்குக் கொடுத்தார். வாங்கியவர் அதைப் பயன்படுத்தவில்லை. ரகசியம் ரகசியமாகவே இருந்து மறந்துபோனது. லின்னேயஸின் கையெழுத்துக் குறிப்புகள் லண்டனில் ஒரு சங்கத்தின் சேகரிப்பில் கிடந்தன. அதில் முத்து விஷயம் இருப்பதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டுகொண்டார்கள்.

உலகம் ஏறக்குறைய 140 வருடத்தை அந்தக் காகிதத்தோடு சேர்த்துத் தொலைத்தது.

நூடுல்ஸ் கடைப் பையன்

ஜப்பானில் டோபா என்ற கடற்கரை ஊர். அங்கே உடோன் என்ற நூடுல்ஸ் விற்ற கடைக்காரரின் மகன் கோகிச்சி மிகிமோட்டோ. காய்கறி விற்றார், பிறகு கடல் பொருள் வியாபாரத்துக்கு வந்தார். கண்மண் தெரியாமல் சிப்பியை அள்ளியதால் ஜப்பான் கடலிலும் முத்து அருகிக்கொண்டிருந்தது. 'சிப்பியை வளர்த்து, அதற்குள் முத்தையும் வளர்த்தால் என்ன?' என்று இறங்கினார்.

கடல் சிவந்து சிப்பிகளைக் கொல்லும் 'சிவப்பு அலை' அவருடைய பண்ணையை அழித்தது. கடன் ஏறியது. 1893 ஜூலையில், பிழைத்திருந்த சிப்பிகளைத் திறந்து பார்த்தபோது, ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிய நிலையில் அரை முத்துகள் இருந்தன. 1896 ஜனவரி 27-ல் அந்த முறைக்குக் காப்புரிமை எண் 2670 கிடைத்தது.

ஆனால், அது பாதி முத்து. மோதிரத்தில் பதிக்கலாம், மாலையாகக் கோக்க முடியாது. முழு உருண்டை முத்துக்கு இன்னொரு சூட்சுமம் தேவைப்பட்டது.

தச்சரின் ஊசி

அந்தச் சூட்சுமம் சிப்பியின் சதையில் இருக்கிறது. ஓட்டுக்கு உள்பக்கம் போர்வை போல ஒரு மெல்லிய தசை உண்டு. ஓட்டின் பளபளப்பைப் பூசுவது அந்தத் தசையின் வெளித்தோல்தான். அதிலிருந்து கடுகளவு துண்டு வெட்டி, இன்னொரு சிப்பியின் உடலுக்குள், ஒரு சிறு மணியோடு ஒட்டினாற்போல் வைத்துவிட்டால், அந்தத் துண்டு வளர்ந்து மணியைச் சுற்றி ஒரு பையாகிவிடும். பிறகு அந்தப் பை தன் பழைய வேலையையே செய்யும். ஓட்டுக்குப் பூச வேண்டிய பளபளப்பை மணிக்குப் பூசும். அதுதான் முத்து.

கேட்கச் சுலபம். ஆனால் உயிரோடு இருக்கும் சிப்பியின் வயிற்றில் அறுவை செய்து, ஒரு துணுக்குத் தசையை நசுங்காமல், புரளாமல், சரியான இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி வேண்டும்.

டாட்சுஹே மிசே என்ற ஜப்பானியத் தச்சர் அந்தக் கருவியைச் செய்தார். சிப்பிக்குள் தசைத் துண்டை வைக்கும் ஊசி. 1907-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் டோகிச்சி நிஷிகாவா என்ற மீன்வள விஞ்ஞானியும் அதே முறைக்கு விண்ணப்பித்தார். இவர் மிகிமோட்டோவின் மருமகன். மிசே முந்திவிட்டார் என்று தெரிந்ததும் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். இன்றும் அந்த வித்தைக்கு 'மிசே - நிஷிகாவா முறை' என்றே பெயர். நிஷிகாவா 1909-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

இதில் மூன்றாவதாக ஒருவரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த வில்லியம் சாவில்-கென்ட் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. உருண்டை முத்தின் சூட்சுமத்தை இவர்தான் முதலில் கண்டார், ஜப்பானியருக்கு அது அங்கிருந்தே போயிருக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மிசேவின் வளர்ப்புத் தந்தை ஆஸ்திரேலியா போய் வந்தவர் என்பது அவர்கள் காட்டும் ஒரு சான்று. ஆனால், சாவில்-கென்ட் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1908-ல் இறந்துவிட்டார். அவருடைய உரிமைக்கு வாதாட ஒரு காகிதமும் இல்லை. வித்தையின் பெயரில் அவர் இல்லை.

அதன் பிறகு நடந்தது வேகமானது. 1920-களில் ஜப்பானின் உருண்டை முத்துகள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போயின. 'இது போலி' என்று வியாபாரிகள் கொதித்தார்கள். வழக்கு பிரான்ஸ் நீதிமன்றம் வரை போனது. இதுவும் முத்துதான் என்று முடிவானது. இயற்கை முத்தின் விலை சரிந்தது. பஹ்ரைன் முதல் குவைத் வரை முத்துக்குளிப்பை நம்பியிருந்த ஊர்கள் நொடித்துப்போயின.

வேப்பலோடையில் விளைந்த முத்து

1961-க்குப் பிறகு பார்கள் வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில், தூத்துக்குடியில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தது. நம் சிப்பியில் நாமே முத்து வளர்த்தால் என்ன?

ஆங்கிலேயர் காலத்திலேயே மதராஸ் மாகாண மீன்வளத் துறை ராமேஸ்வரம் பக்கத்தில் குருசடைத் தீவில் இதற்கு முயன்றதுண்டு. உருண்டை முத்து கைகூடவில்லை.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். மிசேவின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. மிகிமோட்டோவின் காப்புரிமையும் அப்படியே. சட்டப்படி யார் வேண்டுமானாலும் அந்த முறையைச் செய்யலாம். ஆனாலும் யாராலும் செய்ய முடியவில்லை. ஏனென்றால், காகிதத்தில் இருந்தது கால்வாசி. மீதி, ஜப்பானியத் தொழிலாளர்களின் விரல்களில் இருந்தது. சிப்பியை எப்போது மயக்குவது, எந்த இடத்தில் கீறுவது, தசைத்துண்டின் எந்தப் பக்கம் மணியைத் தொட வேண்டும், அறுவைக்குப் பின் எத்தனை நாள் அலுங்காமல் வைப்பது... இவை வெளிநாட்டவருக்குச் சொல்லித்தரக் கூடாதவை என்று ஜப்பான் முத்துத் தொழிலே கட்டுப்பாடு வைத்திருந்தது. 1950-களில் ஆஸ்திரேலியாவில் பண்ணை தொடங்கியபோதுகூட, ஜப்பானிய வல்லுநர்கள்தான் வந்து அறுவை செய்தார்கள். வித்தை அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை.

தூத்துக்குடியில் 1972 இறுதியில் வேலை தொடங்கியது. தலைமை ஏற்றவர் விஞ்ஞானி கே.அழகர்சுவாமி. வேம்பாரிலிருந்து தெற்கே, அதே சாலையில் உள்ள வேப்பலோடையில் பண்ணை அமைந்தது. தோணித் தளத்தில் கூண்டுகளைத் தொங்கவிட்டு, அதில் சிப்பிகளை வளர்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அறுவை நடந்தது.

அந்த மேஜையைப் பார்த்தால் பல் மருத்துவர் மேஜை ஞாபகம் வரும். ஓடுகளைப் பிளக்காமல் விரித்துப் பிடிக்கும் கருவி, சிப்பியை இருத்தும் தாங்கி, சிறு கத்தி, கொக்கி, தசைத்துண்டை ஏந்தும் ஊசி, மணியை ஏந்தும் குழிவான முனை. சிப்பியை இளக வைக்க மென்தால் போடுகிறார்கள். ஜலதோஷத்துக்கு நெஞ்சில் தடவும் தைலத்தில் வருமே, அதே மென்தால்தான். மயங்கிய சிப்பி தானாக வாயைத் திறக்கும். பாதத்தின் அடியில் சிறு கீறல். அங்கிருந்து உள்ளே ஒரு வழி. முதலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தசைத்துண்டு. அதை ஒட்டி மணி. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஓய்வு. அப்புறம் கடலுக்குள் கூண்டு.

ஒவ்வொரு படியும் தடவித் தடவிக் கண்டதுதான். 1973 ஜூலை 25-ல் ஒரு சிப்பியைத் திறந்தபோது உருண்டை முத்து கிடைத்தது. இந்தியாவின் முதல் முழு உருண்டை வளர்ப்பு முத்து, இரண்டாயிரம் வருட முத்துக்கரையில் ஒரு தமிழ் விஞ்ஞானியின் கையில் விளைந்தது.

இன்னொரு சந்தோஷமும் கூடவே வந்தது. ஜப்பானின் குளிர்காலத்தில் சிப்பி பூச்சு வேலையை நிறுத்திவிடும். மன்னார் வளைகுடாவில் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. அதனால் இங்கே பூச்சு வேகமாகப் படிகிறது.

அழகர்சுவாமி தன் கண்டுபிடிப்பை ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார். நிலையம் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தது. 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை ஆய்வுக்கூடத்திலேயே பொரிக்கும் முறையும் கைகூடியது. ஜப்பானில் உள்ளே வைக்கும் மணியை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பி ஓட்டில் கடைந்தெடுப்பது வழக்கம். அதற்குப் பதிலாக, இந்தக் கரையில் மூழ்கி எடுக்கும் சங்கிலிருந்தே மணி கடையலாம் என்றும் இங்கே செய்து காட்டினார்கள்.

பிறகு ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. 1983-ல் தமிழக அரசின் மீன்வளர்ச்சிக் கழகமும் ஸ்பிக் நிறுவனமும் சேர்ந்து ஒரு முத்து நிறுவனத்தைத் தொடங்கின. குருசடைத் தீவில் பண்ணை வந்தது. ஆனால், அது ஜப்பானைப் போல ஊர் ஊராகப் பரவும் தொழிலாக வளரவில்லை.

நம் சிப்பி சின்னது. அதில் வைக்கக்கூடிய மணியும் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர்தான். சந்தையோ பெரிய முத்துக்குத்தான் அதிக விலை கொடுக்கும். அமைதியான விரிகுடாக்கள் ஜப்பானுக்கு இருக்கின்றன. இந்தக் கரை திறந்த கடல். காற்று, கலங்கல், சிப்பி மேல் ஒட்டிக்கொள்ளும் பாசியும் கொட்டலசும் என்று பராமரிப்பு ஓயாது.

எல்லாவற்றையும்விட, அந்த அறுவையில் தேர்ந்த கைகள் போதவில்லை. ஜப்பானில் பல தலைமுறைகளாகப் பழகிய விரல்கள் உண்டு. இங்கே, கடலில் மூழ்கத் தெரிந்த தலைமுறைக்கும் ஊசி பிடிக்கத் தெரிந்த ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் பாலம் சரியாக விழவில்லை.

மருத்துவக் கருவிகளிலும் இதே கதைதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான இதய வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் பார்த்தால் ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத்தட்டு, அவ்வளவுதான். ஆனால், நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும், தேயக் கூடாது, உடையக் கூடாது, ரத்தம் உறையக் கூடாது. மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரிதான் வென்றது. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத ஏராளமான ஏழைகளின் நெஞ்சில் இன்று அது துடிக்கிறது. மூன்று தோல்விகளில் கற்றதைத் தயாரிப்பு வரை கொண்டுசேர்க்க டி.டி.கே நிறுவனம் இருந்தது. ஊசிக்கு அப்படியொரு தொடர்ச்சி வாய்க்கவில்லை.

அறுவைக்கு உரிமை இல்லை, ஊசிக்கு உண்டு

மிசே இன்று இந்தியாவில் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? சுவாரஸ்யமான கேள்வி.

நம் நாட்டில் 1970-ல் இயற்றப்பட்ட காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3-ஆவது பிரிவு, எதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று பட்டியல் போடுகிறது. மனிதருக்குச் செய்யும் மருத்துவ, அறுவை சிகிச்சை முறைகளுக்குக் கிடையாது. விலங்குகளை நோயிலிருந்து காக்கவோ, அவற்றின் அல்லது அவை தரும் பொருளின் பொருளாதார மதிப்பைக் கூட்டவோ செய்யும் அத்தகைய முறைகளுக்கும் கிடையாது. ஒரு மருத்துவர் புது வகையில் தையல் போட்டால், மற்ற மருத்துவர்கள் அவருக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் நோயாளியைத் தொட வேண்டும் என்ற நிலை வரக் கூடாதல்லவா?

ஆக, சிப்பியில் செய்யும் அறுவை முறைக்கு இங்கே உரிமை கேட்பது கடினம். ஆனால், அதற்கான கருவிக்குக் கேட்கலாம். மிசே எதற்குக் காப்புரிமை வாங்கினார் என்று நினைத்துப் பாருங்கள். ஊசிக்கு! தச்சர் கெட்டிக்காரர்தான்.

அதே 3-ஆவது பிரிவு, பாரம்பரிய அறிவுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. வேம்பார் பனையேறிகளின் பாளை அரிவாளையோ கடிப்பையோ யாரும் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது. அது நல்ல விஷயம். ஆனால், அந்த அரிவாளில் யாரும் செய்யாத ஒரு மாற்றத்தை ஒருவர் செய்து, அதனால் பனையேறியின் கையில் வெட்டு விழாமல் தடுக்க முடிந்தால், அது புதுசு. அதற்கு அவர் உரிமை கேட்கலாம்.

இங்கேதான் இந்தக் கரையின் பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. வலையில், இன்ஜினில், ஐஸ்பெட்டியில், பனை மரத்தில் என்று தினமும் யாராவது ஏதாவது ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். செய்த அன்றே நாலு பேருக்குக் காட்டிவிடுகிறார்கள். வீடியோவும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பெருந்தன்மைதான். ஆனால், ஊரறியக் காட்டிய பொருள் சட்டத்தின் கண்ணில் புதுசு இல்லை. பின்னால் உரிமை கேட்டுப் போகும்போது அந்த வீடியோவே எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

உங்களிடம் ஒரு கண்டுபிடிப்பு இருந்தால்...

* முதலில் எழுதுங்கள். தேதி போட்டு, படம் வரைந்து, அளவுகளோடு. தோற்ற முயற்சிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

* விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியிலோ, யூடியூபிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ காட்ட வேண்டாம்.

* முழு விவரம் தயாராக இல்லையா? 'தற்காலிக விவரக்குறிப்பு' ஒன்றை முதலில் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும்.

* தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசீலனை கோரத் தனியாக 4,000 ரூபாய். பரிசீலனைக்குத் தானாக எடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அதற்குக் கெடு 31 மாதம். வழக்கறிஞர் அல்லது காப்புரிமை முகவர் வைத்தால் அந்தச் செலவு வேறு. கட்டணங்கள் மாறக்கூடும் என்பதால், கட்டும் முன் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

* விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதத்துக்குப் பிறகு வெளியிடப்படும். உரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் செல்லும். இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவர வேண்டும்.

* தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் உண்டு. படிப்போ நிறுவனமோ பின்னால் இல்லாத எளிய மனிதர்களின் கண்டுபிடிப்புகளுக்கு, குஜராத்தைச் சேர்ந்த தேசியப் புத்தாக்க அறக்கட்டளை காப்புரிமை வாங்க உதவுகிறது.

எல்லாக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை வேண்டும் என்பதில்லை. அழகர்சுவாமியைப் போல வெளியிட்டு, பலருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு வழி. ஹியூஸைப் போல உரிமை வாங்கி வாடகைக்கு விடுவதும் ஒரு வழி. எந்த வழியானாலும் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் போனவற்றைத்தான் இந்தக் கதையில் காணோம். லின்னேயஸின் 140 வருடம் போனது. சாவில்-கென்ட்டின் பெயர் போனது. தொல்லாயிரம் பாரில் எந்த மாதம் எந்தப் பக்கம் சிப்பி முற்றும் என்று தெரிந்த கடைசிக் குளியாளிகளின் கணக்கும் போனது. 1961-ல் 20 வயதில் கடலில் இறங்கியவருக்கு இன்று வயது 80-ஐத் தாண்டியிருக்கும்.

வேம்பாரிலோ, வைப்பாரிலோ, தூத்துக்குடியிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.